கடலிலிருந்து அறுபது மீட்டர்

தெலுக் செனாங்கின், பினாங்கு
மார்ச் 4, 2024

யுகேந்திரனுக்கு,

இன்று மாநகர் மன்றத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கடலோர நில லாட்டில் இரண்டு மாடி விடுமுறை வீடு கட்ட யுகேந்திரன் த/பெ கார்த்திகேசு விண்ணப்பித்திருக்கிறார், பக்கத்து நிலத்துக்காரர் என்ற முறையில் உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள் என்று அதில் இருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்து. இப்போதும் நீயாக எழுதவில்லை. சட்டம் எழுத வைத்திருக்கிறது.

உன் பெர்த் விலாசம் அந்தக் காகிதத்திலேயே இருந்தது. போன் வேண்டாம். போனில் நீ இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் கடைசி வரை சொல்லலாம், கடைசி வரை படிக்கலாம்.

அப்பா நிலத்தைப் பிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாலைப் பக்கம் எனக்கு, கடல் பக்கம் உனக்கு. உன் பங்கில் நீ வீடு கட்ட ஆசைப்படுவதை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தைச் சன்னலோரம் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாகத் தரச் சோதனை பார்க்கிறவள் நான். தாளில் ஓர் எண் தப்பாக இருந்தால் என் கண் அங்கேதான் போய் நிற்கும். உன் வரைபடத்தில் கடற்கோடு தப்பாக இருக்கிறது.

நான் ஆட்சேபம் கொடுக்கப் போகிறேன். முதுகுக்குப் பின்னால் செய்தாள் என்று நீ சொல்லக்கூடாது. அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

காமினி


பெர்த்
மார்ச் 16, 2024

அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் கொஞ்ச நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். நல்ல சேதியாக இருக்கும் என்று நினைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் இப்போதும் சுரங்கத்தில் எலக்ட்ரீசியன்தான். இரண்டு வாரம் வடக்கே முகாமில், ஒரு வாரம் பெர்த்தில். முகாமைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சிவப்பு மண். பல் விளக்கினால் வாயிலிருந்து சிவப்பாக வரும். அங்கே படுத்துக்கொண்டு இந்த வீட்டை நூறு தடவை கட்டிப் பார்த்திருக்கிறேன். மாடியில் ஓர் அறை, கடலைப் பார்த்த சன்னல், அவ்வளவுதான் என் ஆசை. வருஷத்துக்கு இரண்டு மாதம் வந்து தங்குவேன். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

இதற்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற நில அலுவலகத்தில் பதினான்கு மாதம் காத்திருந்தேன். பிறகு திட்ட அனுமதி. சாலை இலாகா, தீயணைப்பு, வடிகால் இலாகா என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு கடிதம். எல்லாவற்றையும் என் சார்பில் ஓடி ஓடிப் பார்த்தவர் ஸுல்கிஃப்லி. திட்டம் வரைந்த ஆலோசகர், நல்ல மனிதர். கடற்கோட்டை அவர் அப்பாவின் பழைய அளவைப் படத்திலிருந்துதான் எடுத்தார். நான்தான் அதைக் கொடுத்தேன். பட்டாவில் உள்ளதுதானே எல்லை?

2013இல் நடந்தது நடந்துவிட்டது. அதை இதில் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் வீட்டு மாப்பிள்ளை குணாளன் மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
யுகேந்திரன்


தெலுக் செனாங்கின்
மார்ச் 27, 2024

யுகேந்திரனுக்கு,

ஆட்சேபக் கடிதத்தை 22ஆம் தேதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்திய நகல் என்னிடம் இருக்கிறது.

நடந்தது நடந்துவிட்டது என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். எனக்கு அது ஒரு வரியில் முடியவில்லை.

உன் லாட்டின் முன்னால் கரை நெடுகப் பாக்காவ் என்கிற கண்டல் மரம் நின்றது. அலைக்குக் குறுக்கே வேரை ஊன்றிக்கொண்டு, ஆள் நுழைய முடியாத அடர்த்தியில். அந்த அக்டோபரில் நீ மனைவியோடு வந்திருந்தாய். மூன்றாம் நாள் காலை மண்வாரி இயந்திரம் வந்தது. நான் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன். இந்த மரத்தை வெட்ட யாரிடம் கேட்டாய் என்று கேட்டேன். "என் நிலம், நான் யாரைக் கேக்கணும்? தள்ளு லா அக்கா" என்றாய். நான் தள்ளவில்லை. நீ போலீசைக் கூப்பிட்டாய். என் நிலத்தில் அத்துமீறி நுழைந்து வேலையைத் தடுக்கிறாள் என்று என் மேல் புகார் எழுதிக் கொடுத்தாய்.

காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வரை சேறு. பக்கத்து நிலத்து ரொஸ்னாதான் மாற்றுத் துணி கொண்டுவந்தாள். என்னோடு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். கடைசியில் அதிகாரி, "குடும்பச் சண்டை, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது ஒரு மரம்கூட இல்லை. நீயும் இல்லை, விமானத்துக்குப் போய்விட்டாய்.

இதை நான் ஆட்சேபத்தில் எழுதவில்லை. அங்கே எழுத வேண்டியது வேறு. இது உனக்கு.

காமினி


பெர்த்
ஏப்ரல் 10, 2024

அக்கா,

ஸுல்கிஃப்லி உங்கள் ஆட்சேபத்தின் நகலை அனுப்பினார். கடற்கோடு, கரை அரிப்பு, ரொஸ்னா வீட்டுப் படகுத் துறை. நாலு பக்கம். கணினியில் தட்டெழுதி, படம் ஒட்டி. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டீர்கள்.

மரம் வெட்டியதை ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஷெரில், "எங்கே கடல்? கடலோர நிலம் என்றாயே" என்று கேட்டாள். கடலோர நிலத்தில் நின்றுகொண்டு கடலைக் காட்ட முடியவில்லை என்பது எனக்கு அவமானமாக இருந்தது. அது தப்பு என்றால் தப்புதான். அதற்காக என் நிலத்தில் எனக்கு வீடே இருக்கக்கூடாதா? அந்தக் கரை நெடுகப் பெரிய பெரிய ஆட்கள் ஓட்டல் கட்டவில்லையா? அவர்களுக்கு யார் நாலு பக்கம் எழுதினார்கள்?

விசாரணைக்கு நாள் குறிப்பார்களாம். நான் விடப் போவதில்லை.

யுகேந்திரன்


தெலுக் செனாங்கின்
ஏப்ரல் 25, 2024

யுகேந்திரனுக்கு,

பழிவாங்கும் எண்ணம் துளியும் இல்லை என்று சொன்னால் பொய். அந்த நோட்டீசைப் பிரித்தபோது என் மனத்தில் முதலில் வந்தது காவல் நிலையத்துப் பெஞ்சுதான். கடல் இரண்டாவதாகத்தான் வந்தது. ஆனால் மாநகர் மன்றத்துக்கு என் கோபத்தை அனுப்பவில்லை, அளவை அனுப்பினேன்.

நீ இங்கே இல்லாததால் உனக்குத் தெரியாது. மரம் போன அடுத்த வருஷமே கரை சரியத் தொடங்கியது. முதலில் விளிம்பு மட்டும் கேக் மாதிரி உடைந்து விழுந்தது. 2017இல் பெரிய மழையும் காற்றும் வந்தபோது ஒரே வாரத்தில் பத்தடி போனது. அப்பா நட்ட மூன்று தென்னையும் இப்போது தண்ணீருக்குள் விழுந்து கிடக்கின்றன. குணாளன் ஒவ்வொரு ஜனவரியும் ஒரு குச்சி நட்டு வைப்பார். அதிலிருந்து நான் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எதற்கு என்று அப்போது தெரியாது. பழக்கம்.

பட்டாவின்படி உன் லாட் நம் எல்லைக் கல்லிலிருந்து கடல் வரை நூற்றுப்பத்து மீட்டர். இப்போது தண்ணீர் ஏறி நிற்கும் நாளில் அறுபத்தொன்பதுதான் இருக்கிறது. நாற்பத்தொரு மீட்டர் கடலுக்குள் போய்விட்டது. கடல் ஏறும் கோட்டிலிருந்து அறுபது மீட்டர் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்பது விதி. உன் ஸுல்கிஃப்லியே அதை எழுதியிருக்கிறார், பழைய கோட்டிலிருந்து அறுபத்தைந்து அளந்து. நிஜத்தில் உன் வீட்டுப் படியிலிருந்து அலைக்கு இருபத்துநாலு மீட்டர்தான். பத்து வருஷத்தில் அந்த மாடியறை தண்ணீருக்குள் நிற்கும்.

எல்லாமே நீ வெட்டியதால்தான் என்று சொல்ல மாட்டேன். ரொஸ்னா பக்கமும் கரை போயிருக்கிறது. ஒன்பது மீட்டர். அங்கே மரம் இன்னும் நிற்கிறது.

ஓட்டல்களைப் பற்றிக் கேட்டாய். அவை என் பக்கத்து நிலத்தில் இல்லை. எனக்கு நோட்டீசு வந்தது உன் வீட்டுக்குத்தான்.

காமினி


சுரங்க முகாம், மேற்கு ஆஸ்திரேலியா
மே 12, 2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை முகாமுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். நாற்பத்தொரு மீட்டர் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நீங்கள் பொய் சொல்வீர்கள் என்றும் நம்ப முடியவில்லை. இரண்டு நாளாக வேலையில் மனம் இல்லை. நேற்று மின் இணைப்பைத் துண்டிக்காமல் ஒரு பெட்டியைத் திறக்கப் போனேன். கூட இருந்தவன் கையைப் பிடித்து இழுத்தான்.

ஒரு விஷயத்தை நான் மறைத்துவிட்டேன். விண்ணப்பத்தில் விடுமுறை வீடு, இரண்டாவது வீடு என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் அப்படித்தான் எழுதினேன். முதல் வீடு என்று ஒன்று இப்போது இல்லை அக்கா. ஷெரிலும் நானும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் அவள் இருக்கிறாள். பெர்த் விலாசம் ஒரு நண்பனுடைய வீட்டின் பின்னறை. இன்னும் மலேசியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன், மாற்ற மனம் வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு மாதம் என்றேன் இல்லையா? அங்கேயே வந்து இருந்துவிடத்தான் இந்த வீடு. இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. இரக்கத்துக்காக எழுதுகிறான் என்று நினைப்பீர்களோ என்று.

விசாரணை ஜூன் 7, வெள்ளிக்கிழமை. ஸுல்கிஃப்லி தான் மட்டும் போனால் போதும் என்கிறார். நான் நேரில் வருகிறேன். அந்தக் கரையை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

யுகேந்திரன்


சூலியா தெரு, ஜார்ஜ்டவுன்
ஜூன் 7, 2024

அக்காவுக்கு,

இன்று மன்றத்தில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். நான் கூப்பிட்டது கேட்டதா இல்லையா, தெரியவில்லை. அதனால் ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம் குணாளன் மாமாவிடம் கொடுத்தனுப்புவேன்.

அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நேற்று நீங்கள் ஃபேக்டரியில் இருந்தபோது நான் தெலுக் செனாங்கினுக்கு வந்தேன். அமாவாசை, தண்ணீர் நண்பகலில் ஏறும் என்று ஸுல்கிஃப்லி சொல்லியிருந்தார். நீளமான அளவு நாடா ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். சாலையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன், மாமா தான் ஓட்டும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். பத்து வருஷமாகப் பார்க்காதவனோடு பேசுகிற மாதிரியே அவர் பேசவில்லை.

"வா மச்சான். செருப்ப கழட்டிட்டு வா, சேறு உள்ள இழுத்துக்கும்."

"மாமா, இந்த முனைய பிடிக்கிறீங்களா?"

"எதுக்கு? ஒங்க அக்கா எழுதினது நம்பலயா?"

"நம்பறேன் மாமா. நானே ஒருக்கா பாத்துட்டா மனசு அடங்கும்."

அவர் எல்லைக் கல்லில் நாடாவைப் பிடித்தார். நான் நடந்தேன். அறுபத்தெட்டரை மீட்டரில் என் கால் நனைந்தது. நீங்கள் எழுதியதைவிட அரை மீட்டர் குறைவு. திரும்பிப் பார்த்தேன். இடது கைப் பக்கம் ரொஸ்னாவின் மரங்கள், அதற்குள் தண்ணீர் சத்தமில்லாமல் நுழைந்து சத்தமில்லாமல் நின்றது. என் பக்கம் அலை நேராக வந்து மண்ணில் அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு பிடி மண் விழுந்ததைப் பார்த்தேன். அதை நான்தான் திறந்துவிட்டேன் என்று அங்கே நின்றபோது தெரிந்தது. மாமா நாடாவைச் சுருட்டினார். "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று அதிகாரி அம்மா கடற்கோடு எந்த ஆண்டு எடுத்தது என்று கேட்டபோது ஸுல்கிஃப்லி 1986 என்றார். அப்புறம் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். வேறு மாதிரி பேசியிருக்கலாம். ராத்திரி முழுக்க அதையும் யோசித்தேன். "என் அக்கா சொல்றது சரி. நேத்து நானே அளந்தேன்" என்றேன். நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

புது அளவை எடுத்துக்கொண்டு திரும்ப விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அறுபது மீட்டரும், எல்லைக்கு விட வேண்டிய மூன்றும் போனால் எனக்கு மிஞ்சுவது ஆறு மீட்டர்கூட இல்லை. நாளை மதியம் கிளம்புகிறேன்.

யுகேந்திரன்


தெலுக் செனாங்கின்
ஜூன் 9, 2024

யுகேந்திரனுக்கு,

நீ கூப்பிட்டது கேட்டது. எல்லார் முன்னாலும் அழுவேனோ என்று பயந்து போய்விட்டேன். ஜெயிக்கத்தான் வந்திருந்தேன். நீ அப்படிச் சொல்வாய் என்று நினைத்து வரவில்லை.

நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சூலியா தெருவுக்கு வந்தேன். கவுன்டரில் இருந்த அப்துல் காதர், "பெர்த்காரரா? இப்பதான் டாக்சி ஏறினாரு அக்கா, ஒரு பத்து நிமிஷம் இருக்கும்" என்றார். கொண்டுவந்த சாப்பாட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. இன்னும் தெரியவில்லை.

காமினி


பெர்த்
ஜூலை 20, 2024

அக்காவுக்கு,

சாப்பாடு கொண்டுவந்தீர்கள் என்று படித்ததும் விமான நிலையத்தில் நான் தின்ற ரொட்டி நினைவுக்கு வந்து என் மேலேயே எரிச்சலாக இருந்தது. ஒரு பத்து நிமிஷம்.

ஒரு வழி பிறந்திருக்கிறது. ஸுல்கிஃப்லிக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர், கரையில் கருங்கல் சுவர் கட்டினால் அரிப்பு நிற்கும், அந்த அறிக்கையோடு மேல்முறையீடு செய்தால் அறுபது மீட்டரைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார். நிச்சயம் என்று சொல்லவில்லை, வாய்ப்பு இருக்கிறதாம். கல் லாரி உங்கள் லாட் வழியாகத்தான் போக வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம் இருந்தால் மேல்முறையீட்டுக்குப் பலமாக இருக்கும். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

கடலும் நிற்கும், வீடும் நிற்கும். உங்கள் நிலத்துக்கும் அது காவல்தானே? யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு ஐம்பது வயது ஆகிறது அக்கா. இன்னொரு இடம் தேடித் திரிய இனிமேல் தெம்பு இல்லை.

யுகேந்திரன்


தெலுக் செனாங்கின்
ஆகஸ்ட் 3, 2024

யுகேந்திரனுக்கு,

படிவத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

சுவர் உன் கரையைக் காக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் உன் சுவரில் மோதிய அலை அங்கேயே சாகாது. பக்கவாட்டில் திரும்பி ரொஸ்னா பக்கத்தைத் தின்னும். கோலா முனையில் ஒருவர் பங்களாவுக்குச் சுவர் எழுப்பியபோது இரண்டே மழைக்காலத்தில் அடுத்த துறையில் மண் இல்லாமல் போனதைக் குணாளன் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ரொஸ்னா வீட்டுத் துறையில் பதினொரு படகு நிற்கிறது. அவர்களுக்கு விடுமுறை வீடும் இல்லை, மேல்முறையீடு எழுதத் தெரிந்த ஆளும் இல்லை. உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். கோபப்படவில்லை. "தம்பிக்கு வீடு வேணும்னா நியாயம்தானே அக்கா, நாங்க வேற எடம் பாக்கணும் போல" என்றாள் மலாயில். அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் தேவலை.

நீ மேல்முறையீடு செய்தால் நான் மறுபடி எதிர்ப்பேன். அதற்கு மேலே போனால் அங்கேயும் வருவேன். லீவு தீர்ந்தால் வேலையை விட்டுவிட்டு வருவேன். சும்மா மிரட்டுவதற்காக எழுதவில்லை, என்னை உனக்குத் தெரியும்.

இனி நான் எழுதப் போவதைக் கோபத்தோடு படிக்காதே. ஒரு மாதமாக நானும் குணாளனும் பேசி முடிவு செய்தது இது.

என் லாட்டில் வீட்டுக்குத் தெற்கே இடம் கிடக்கிறது. குணாளன் மரவள்ளி போட்டிருக்கிறார். வீட்டு நிலமாக மாற்றியாகிவிட்டது. கடல் ஏறும் கோட்டிலிருந்து நூற்றிருபது மீட்டர். ஸுல்கிஃப்லிக்கு நானே போன் செய்து பேசினேன், முதலில் மனிதர் பயந்துவிட்டார். அதே லாட்டில் இரண்டாவதாக ஒரு சிறிய வீட்டுக்கு அனுமதி கேட்கலாம், ஒரு மாடிதான், பரப்புக்கு வரம்பு உண்டு என்றார். மாடியறை கிடையாது. சன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, எங்கள் கோழிக் கூண்டுதான் தெரியும்.

அதற்குப் பதிலாக எனக்கு ஒன்று வேண்டும். உன் லாட்டில் பாக்காவ் மரம் திரும்ப நட வேண்டும். வாய்ப்பேச்சில் வேண்டாம். அந்த நிலத்தில் இனி எதுவும் கட்டமாட்டேன், விற்கவும் மாட்டேன், படகுக்காரர்களுக்கு வழி விடுவேன் என்று வக்கீல் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முடியும் என்றால் எழுது. முடியாது என்றால் மேல்முறையீட்டில் பார்ப்போம்.

காமினி


சுரங்க முகாம்
அக்டோபர் 6, 2024

அக்காவுக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. நீங்கள் வக்கீலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும்.

முதல் வாரம் முழுக்கக் கோபம். என் நிலத்தை எடுத்துக்கொண்டு எனக்குக் கோழிக் கூண்டு கொடுக்கிறாள் என்று என் நண்பனிடம் கத்தினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க நிலத்துல உனக்கு வீடு தர்றாங்க, நீ என்னத்த கொடுக்கிற? தண்ணிக்குள்ள போற மண்ண" என்றான். பொறியாளருக்கு மட்டும் போன் செய்து கேட்டேன், சுவர் கட்டினால் பக்கத்துத் துறைக்கு என்ன ஆகும் என்று. அது நம் அறிக்கையில் வராது என்றார். ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. அன்றோடு மேல்முறையீட்டை விட்டுவிட்டேன்.

பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதம் போன வாரம் போய்விட்டது. வக்கீல் எழுதிய பத்திரத்தைப் பெர்த்தில் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, முத்திரை வாங்கி, தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்ட மூன்றும் அதில் இருக்கின்றன. ரொஸ்னா வீட்டாரின் வழியை அகலம் குறித்து எழுதச் சொன்னேன், பின்னால் யாரும் சுருக்கிவிடக்கூடாது.

கடலைப் பார்த்த அந்தச் சன்னலை அவ்வளவு நாள் மனத்தில் வைத்திருந்தேன். அதை விடுவது சுலபமாக இல்லை. சுலபமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள்.

இன்னொன்று. மார்ச் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியது. அதற்கு முன்னால் பத்து வருஷமும் எழுதியிருக்க வேண்டியது. உங்கள் மேல் நான் புகார் கொடுத்தேன். நிலையத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நீங்கள் சேற்றோடு பெஞ்சில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் செய்ததல்ல. பார்த்துக்கொண்டே செய்தேன். அதற்கு என்ன காரணம் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும். அதனால் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கிறேன். மன்னிக்க முடியாவிட்டாலும் நான் கேட்டது உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் தம்பி
யுகேந்திரன்


தெலுக் செனாங்கின்
மார்ச் 30, 2025

தம்பிக்கு,

அனுமதி வந்துவிட்டது. ஒரு மாடி, இரண்டு அறை, எண்ணூற்று ஐம்பது சதுர அடி. ஸுல்கிஃப்லி காகிதத்தைக் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை யாருமே ஆட்சேபிக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். அஸ்திவாரத்துக்கு மே மாதம் தோண்டலாம். மரவள்ளியைப் பிடுங்கியாயிற்று, தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை.

நடவு பற்றிச் சொல்ல வேண்டும். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நட்டோம். ரொஸ்னா வீட்டார், படகுக்காரர்கள், என் ஃபேக்டரிப் பெண்கள் எட்டுப் பேர். நானூறு கன்று. முதல் அலையிலேயே பாதி மிதந்து போய்விட்டது. எல்லாரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ரொஸ்னாவின் வீட்டுக்காரர் மூங்கிலை வெட்டி வேலி மாதிரி முன்னால் அடித்தார். அதற்குப் பின்னால் திரும்ப நட்டோம். நேற்று எண்ணினேன். நூற்று எழுபத்தாறு நிற்கிறது. புது இலை விட்டவை நூற்று முப்பதுக்கு மேல். இது போதாது, இந்த வருஷமும் நட வேண்டும், அடுத்த வருஷமும். உனக்கு இடுப்பு வலி உண்டு என்று தெரியும். குனியத்தான் வேண்டும்.

நீ அக்டோபரில் எழுதியதற்கு நான் பதில் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே செய்தேன் என்று எழுதியிருந்தாய். நீ அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பாய். படித்த அன்று மறுபடி கோபம் வந்தது, முன்னைவிட அதிகமாக. குணாளன் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. ஆனால் நீ அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. தெரியாமல் மன்னித்திருப்பேன். இப்போது தெரிந்து மன்னிக்க வேண்டியிருக்கிறது. நாள் எடுத்தது. மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கு எழுத முடிகிறது, அதனால் இன்றைக்கு எழுதுகிறேன்.

வீடு முடியும் வரை எங்கள் பின்னறையில் இருந்துகொள். ஓட்டல் வேண்டாம். கோலாலம்பூரில் இறங்கி ரயிலில் வருவதாகக் குணாளனிடம் போனில் சொல்லியிருந்தாய், வா. பட்டர்வொர்த்தில் இறங்கியதும் தீவுக்கு வரும் ஃபெரிக்கு ஓடாதே. ஸ்டேஷன் வாசலிலேயே நில். நான் காரை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்கு வருகிறேன்.

அக்கா